பீதியடையத் தேவையில்லை

அன்புள்ள ஐயா,

சமுதாய மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். பறவைக்காய்ச்சல் மனிதர்களுக்குள் பரவ ஆரம்பித்தால் வீடுவீடாகக் கொடுக்க ஒரு துண்டறிக்கை எழுதச் சொன்னார்கள். வரைவை இணைத்துள்ளேன். 'பெருந்தொற்று' என்பதா, 'கொள்ளைநோய்' என்பதா? முன்கூட்டியே சொன்னால் மக்கள் பயந்துவிட மாட்டார்களா? வாட்ஸப் வதந்திக்கு என்ன செய்வது?

கவிதா

அன்புள்ள கவிதா,

பெருந்தொற்று என்றே போடுங்கள், பழகிவிட்டது. வாட்ஸப்பை விடுங்கள். உங்கள் துறை வாய் திறக்காத நேரத்தில்தான் அது பேசுகிறது.

உங்கள் முதல் வரி: 'பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை.' யாரம்மா பீதியடைந்தது? உங்கள் தாள் கைக்கு வரும்வரை அந்த வீட்டில் அடுத்த வேளைக் குழம்பைப் பற்றித்தான் பேச்சு. 2020 மார்ச் 13 அன்று நம் மத்திய சுகாதாரத் துறையும் இதையேதான் சொன்னது: கொரோனா சுகாதார அவசரநிலை அல்ல, பீதி வேண்டாம். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு. கொடுத்த அவகாசம் நான்கு மணி நேரம்! படித்த பெண், நீங்களும் அதே வரியை எடுத்து வைத்தால் எப்படி?

அதே ஆண்டு பிப்ரவரி 25. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் மருத்துவர் நான்சி மெசோனியர் நிருபர்களிடம், இது இங்கே பரவுமா என்பதல்ல, எப்போது என்பதே கேள்வி என்றார். காலையில் தன் பிள்ளைகளிடம் பேசியதையும் சொன்னார்: இப்போது உங்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் நம் அன்றாட வாழ்க்கை பெரிதாகக் குலையலாம், தயாராக வேண்டும். பங்குச்சந்தை விழுந்தது. மறுநாளே கொரோனாவைக் கையாளும் பொறுப்பு துணை அதிபரிடம் போனது. மெசோனியரைப் பிறகு மேடையில் அதிகம் காணவில்லை.

என் அப்பா சுகாதார ஆய்வாளர். சைக்கிள் கேரியரில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, சட்டையெல்லாம் அந்த நெடி. பக்கத்து ஊரில் வாந்திபேதி கண்டிருந்த சமயம், கிணற்றடியில் நின்று அரசாங்க நோட்டீசை வாசித்தார். நானும் கூட இருந்தேன். தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ஒரு பாட்டி குறுக்கிட்டாள்: "சார், ஒங்க வீட்டுல புள்ளைகளுக்கு என்ன தண்ணி குடுக்குறீக?"

"முந்தாநாளேருந்து காய்ச்சி ஆறவச்சதுதான்."

"அத மொதல்ல சொல்லலாம்ல" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்பா நோட்டீசை மடித்துப் பையில் வைத்தார்.

கோழிப்பண்ணை ஆட்களுக்கு எழுதிய பகுதி அருமை, அதில் கை வைக்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் 'தடுப்பு நடவடிக்கைகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன' என்று இருக்கிறதே, அதையும் அடித்துவிட்டு அனுப்புங்கள்.