சிம்னியை மாற்றும் முன் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சமையலறை சிம்னிக்கு ஏழு வயது. பாஃபிள் ஃபில்டர், மூன்று வேகம். ஆறு மாதமாகப் புகையை இழுப்பதே இல்லை, சத்தம் மட்டும் கூடியிருக்கிறது. சில நாள் சுவிட்சைப் போட்டதும் முனகிவிட்டுத் தாமதமாகத்தான் சுற்றுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், மோட்டார் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இழுக்காமல் சத்தம் போடுவதற்குப் பெரும்பாலும் காற்று வெளியேறும் வழியில் உள்ள அடைப்பே காரணம். முனகிவிட்டுச் சுற்றுவது பெரும்பாலும் கண்டென்சர் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் சிறு மின்பாகம்) பலவீனமானதன் அடையாளம். இரண்டையும் பார்க்காமல் மோட்டார் மேல் பழி போடக் கூடாது.

முதலில் ஃபில்டரைக் கழுவி மாட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அறைக்குள் காற்று வர வழியில்லாவிட்டால் நல்ல சிம்னியும் இழுக்காது. முழு வேகத்தில் ஓட விட்டு, ஒரு செய்தித்தாள் பக்கத்தை ஃபில்டரின் அடியில் பிடியுங்கள். கையை எடுத்த பிறகும் தாள் ஒட்டி நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் மின்சாரத்தை நிறுத்தி, மேலே போகும் புகைக்குழாயைச் சிம்னியின் வாயிலிருந்து கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது தாள் ஒட்டினால் சிம்னி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு குழாயில். புதிய சிம்னி வாங்கி அதே குழாயில் மாட்டியிருந்தால் அதுவும் இழுத்திருக்காது.

சத்தத்தையும் கவனியுங்கள். அடைப்பு இருக்கும்போது புளோயருக்கு (மோட்டார் சுற்றும், காற்றைத் தள்ளும் சக்கரத்துக்கு) தள்ளக் காற்று குறைவு. பளு குறைவதால் மோட்டார் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், சத்தம் கீச்சென்று ஏறும். பேரிங் தேய்ந்த சத்தம் வேறு மாதிரி. சுவிட்சை அணைத்த பிறகும், சக்கரம் ஓய்ந்து நிற்கும்வரை கரகரவென்று கேட்கும். தேய்மானம் முற்றிவிட்டால் சக்கரம் நிதானமாக ஓயாமல் சட்டென்று நின்றுவிடும்.

குழாய் பக்கம் அடைப்பு எங்கெல்லாம் இருக்கும்? சிம்னியின் வாயில் காற்று திரும்பாமல் தடுக்கும் மெல்லிய மூடி ஒன்று உண்டு. அதன் கீலில் பிசுக்கு ஏறினால் பாதி திறந்து நின்றுவிடும். வெளிச்சுவரில் பூச்சிக்காக வலை அடித்திருந்தால், எண்ணெயும் தூசியும் சேர்ந்து சில மாதங்களிலேயே அதைக் கம்பளிபோல மூடிவிடும். பொய்க்கூரைக்குள் போகும் அலுமினிய மடிப்புக் குழாய் நசுங்கியிருக்கலாம், அல்லது தொய்ந்த இடத்தில் எண்ணெய் தேங்கியிருக்கலாம். எல்லாவற்றிலும் மோசமானது, 6 அங்குல வாயை 4 அங்குலப் பைப்புக்குச் சுருக்கி மாட்டுவது. விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் காற்று போகும் பரப்பு 44 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். இந்தத் தவற்றை எந்தப் புதிய மோட்டாரும் ஈடுகட்டாது. கூர்மையான ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும், ஆகவே வளைவுகளையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து முனகல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு (பேனலில் அணைப்பது மட்டும் போதாது) புளோயர் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சில சுற்று ஓடினால் பேரிங் நலம், சந்தேகம் கண்டென்சர் மேல். இறுக்கமாக இருந்தால் பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அல்லது சக்கரம் பிசுக்கில் கட்டிக்கொண்டிருக்கிறது. கண்டென்சரை மின்வேலை தெரிந்தவர்தான் தொட வேண்டும், இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். மேலே 4 மைக்ரோஃபாராட் என்று அச்சிட்டிருந்து மீட்டர் 3-க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான். புதியதில் மைக்ரோஃபாராட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் மட்டும் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். வேகம் கூடும் என்று பெரிய மைக்ரோஃபாராட் மதிப்பைப் போட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று (காயில்) சூடேறிக் கருகும்.

சக்கரத்தைக் கழற்றிக் கழுவுவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. பல மாடல்களில் நடு நட்டு இடமரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கினால் மரை போய்விடும். இதழ்களில் ஒன்றிரண்டில் நகம் அளவுக்கு உலோகக் கிளிப் செருகியிருக்கும். அழுக்கு என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். சமநிலைக்காகத் தொழிற்சாலையில் வைத்த எடை அது, எடுத்துவிட்டால் சிம்னி முழுதும் அதிரும். அலுமினியத்தில் காஸ்டிக் சோடா படவே கூடாது, அரித்துக் கறுத்துவிடும். சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும், ஒரு மணி நேரம் ஊற விடுங்கள்.

ஃபில்டர், குழாய், கண்டென்சர், பேரிங், விளக்கு: இவற்றில் எது போனாலும் பழுது பார்ப்பதே சரி. டச் பேனல் மட்டும் போனாலும் சிம்னியைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் மின்னணுப் போர்டு கிடைக்காவிட்டால் திருகு சுவிட்ச் ஒன்றை வைத்து மூன்று வேகத்தையும் இயக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேகத்துக்கு மட்டுமே மின்சாரம் போகும் வகையாக அது இருக்க வேண்டும். மூன்று தனிச் சுவிட்சுகளை வைத்து, தவறுதலாக இரண்டு ஒன்றாக விழுந்தால் காயில் கருகிவிடும்.

காயில் கருகிய நாற்றம் வந்து, மீட்டரிலும் அது உறுதியானால் கணக்கு மாறுகிறது. அசல் மோட்டார் கிடைத்தால் போடலாம். ரீவைண்டிங்கை, அதாவது கருகிய காயிலுக்குப் பதில் புதுக் கம்பி சுற்றுவதை, நான் பரிந்துரைப்பதில்லை. மூன்று வேகத்துக்கான சுற்றுகளை அந்தச் சின்ன இடத்தில் பழைய துல்லியத்தோடு சுற்றுவது கடினம், சிறிது தவறினாலும் சூடும் இரைச்சலும் கூடும். மோட்டாரும் போர்டும் சேர்ந்து போயிருந்தால், மோட்டாரைத் தாங்கும் தகடு துருப்பிடித்திருந்தால், எண்ணெய் வயர் இணைப்புகளுக்குள் இறங்கியிருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். கடைசி இரண்டும் பாதுகாப்பு விஷயம், சிம்னியின் வயதைப் பார்க்கவே வேண்டாம். மற்றபடி பழுதுச் செலவு அதே அளவுள்ள புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே மேல்.

மாற்றுவதென்று முடிவானால் குழாயையும் வெளி மூடியையும் சேர்த்தே மாற்றுங்கள். தானாகச் சுத்தம் செய்யும் வகை வாங்கினாலும் அதன் ஹீட்டர் புளோயர் பகுதியைத்தான் சூடாக்கும், குழாய்க்குள் எட்டாது. அடுப்புக்கு மேல் எத்தனை உயரத்தில் மாட்ட வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள், பொதுவாக 65 முதல் 75 செ.மீ. பொருத்த வந்தவர் கிளம்பும் முன்பே செய்தித்தாள் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். குழாயை இணைத்த நிலையில் தாள் ஒட்ட வேண்டும்.