புரியாதது யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு மின்ஸ்கூட்டர் ஆலையில் பேட்டரிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் 1985இல் வந்து அதே வருடம் மூழ்கிய சின்க்ளேர் சி5 என்ற மின்வண்டி பற்றி அண்மையில் படித்தேன். காலத்துக்கு முந்திப் பிறந்த வண்டி. 2008 வாக்கில் இங்கே வந்த குட்டி மின்வண்டிகளுக்கும் அதே கதிதான். நம் மக்களுக்கு அப்போது புரியவில்லை. இப்படி முந்திப் பிறப்பவற்றை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா? நின்றபடி ஓட்டும் இருசக்கர செக்வே, பெங்களூரின் குட்டி மின்கார் ரேவா பற்றியும் எழுதுங்கள்.

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

‘நம் மக்களுக்குப் புரியவில்லை’ என்ற ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் பாலக்கோட்டில் பழைய வீட்டைக் காலி செய்தோம். கொட்டகையில் அப்பாவின் மின்வண்டி கிடந்தது. கால் வைக்கும் இடத்தில் கோழி முட்டையிட்டிருந்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சி5. கால்குலேட்டரும் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரும் செய்து பேர் வாங்கிய கிளைவ் சின்க்ளேர் அதை வெளியிட்டது 1985 ஜனவரி 10, லண்டனில், கொட்டும் குளிரில். குளிரில் ஈய-அமில பேட்டரி சோர்ந்துபோகும். மூன்று சக்கரம், மேலே கூரை இல்லை, கைப்பிடி தொடைக்குக் கீழே. லாரிக்காரன் கண்ணில் படாத உயரம். படவேண்டுமென்றால் பின்னால் நட்டுக்கொள்ளும் கொடிக்கம்பத்துக்குத் தனிக் காசு. 399 பவுண்டு விலை. சுமார் 14,000 செய்து 5,000தான் விற்றார்கள். அக்டோபரில் கம்பெனி திவால். அந்த வண்டியைத் தொப்பூர் கணவாயில் நினைத்துப் பாருங்கள். இதில் காலம் எங்கே வந்தது?

ஒன்று கவனித்தீர்களா? சி5க்கு 250 வாட் மோட்டார், மணிக்கு 24 கிலோமீட்டர். அப்பாவின் வண்டிக்கும் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்குள். இரண்டு நாட்டிலும் அந்த அளவுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஓட்டுபவனை அளந்து செய்த வண்டிகள் அல்ல, சட்டம் விட்டுவைத்த சந்துக்கு அளந்து செய்தவை.

ஆனால் அப்பாவுக்கு அந்தச் சந்துதான் வாசல். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலதுகால் சூம்பியவர். டிவிஎஸ் 50ஐ மிதித்துக் கிளப்ப முடியாது. லைசென்ஸுக்குப் போய் நாலு பேர் பார்க்க எட்டுப் போட அவருக்குக் கூச்சம். 2008இல் தருமபுரியில் ஒரு கடையில் அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தேன். அறுபத்தோராவது வயதில் முதல்முறையாக யாரையும் கேட்காமல் நூலகத்துக்குப் போய் வந்தார். சத்தமே வராததால் மாடுகூட விலகாது. ஹாரன் அடித்தால் மரியாதையில்லை என்று சைக்கிள் மணி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். “மணி வாத்தியார்” என்றே பெயராகிவிட்டது.

அப்புறம் மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. ஈய-அமில பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டுவிட்டு ஓட்டினால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு என்ன ஊட்டினாலும் ஏறாது. இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். கரண்ட் வந்த நேரம், போன நேரம், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதிவந்தார். வெட்டு அதிகமான வாரங்களுக்குப் பின்னால் வண்டி குறைவாக ஓடுகிறது என்று சிவப்பு மையில் அடிக்கோடு. நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். “சார், நீங்க ரொம்ப ஓட்டுறீங்க” என்றான் கடைக்காரன். புது பேட்டரிக்குச் சொன்ன விலை வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த முறை போனபோது அங்கே செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள் தம்பி, யாருக்குப் புரியவில்லை? விற்றவனுக்கா, செய்தவனுக்கா, நோட்டில் கோடு போட்டவருக்கா? ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு மக்களுக்குப் புரியவில்லை என்று எழுதக் கொஞ்சம் வெட்கப்பட வேண்டாமா? செத்த வண்டியை ஒற்றைக்காலை இழுத்துக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து வீடுவரை தள்ளியவர் அவர். தக்காளி ஏற்ற வந்த பையன்கள் கைகொடுக்காவிட்டால் பாதி வழியில் உட்கார்ந்திருப்பார்.

செக்வேயைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நடக்கத் தெரிந்தவர்களுக்கான வண்டி அது. ரேவா நல்ல முயற்சி. சி5ஐப் பார்த்துச் சிரித்த அதே லண்டனில் பெங்களூர் வண்டி ஓடியது. அடையாளம் காணும் வித்தை எதுவும் என்னிடம் இல்லை.

இன்று போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் நாட்டுக்கே மின்ஸ்கூட்டர் செய்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எல்லாம் வேகம், வேகம். உங்கள் வண்டி நூறு கிலோவுக்கு மேல் இருக்குமே, சார்ஜ் தீர்ந்தால் அப்பா மாதிரி ஒருவர் அதை எப்படித் தள்ளுவார்? அதை யோசித்து எழுதுங்கள். நோட்டின் நகல் அனுப்புகிறேன். எழுத்து கோழி கிறுக்கல், எண்கள் தெளிவாக இருக்கும். கணக்கு வாத்தியார் அல்லவா.