போடியார் குடும்பத்தவர் எழுதிய கதையை வர்க்கப் பார்வையில் வாசிக்கலாமா?

தம்பி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நடக்கும் கதையொன்றை வர்க்கப் பார்வையில் ஆராயச் சொல்லியிருக்கிறார்கள், எழுதியவரோ போடியார் (பெரிய வயற்சொந்தக்காரர்) குடும்பம், கதையில் ஒரு சண்டைகூட இல்லை, என்னத்தை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தை விடுங்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் மன்னராட்சிப் பக்கம் நின்றவர். ஆனாலும் பிரபுக்களின் வீழ்ச்சியை உள்ளபடி காட்டினார் என்று மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் 1888இல் ஒரு கடிதத்தில் வியந்திருக்கிறார்.

சண்டை இல்லாததும் பிரச்சினையில்லை. கதிரடிக்கும் களமான களவெட்டிக் காட்சியை ஆறுதலாக வாசியுங்கள். விதைநெல் யார் கொடுத்தது, சூடடித்ததும் அது எப்படிக் கழிக்கப்படுகிறது, போடியாரின் வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனுக்கு எத்தனை மூடை மிஞ்சுகிறது, அடுத்த போகத்துக்கு யாரிடம் கடன் கேட்கிறான்? அவனுக்குக் கதையில் பெயராவது இருக்கிறதா? அவன் பேசுவதை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள், “ஓம் போடியார்” தவிர வேறென்ன இருக்கிறது என்று. போடியார் “நம்மட ஆள்” என்று தோளில் தட்டும் இடம் வந்தால் விடாதீர்கள். கூலிக் கணக்கை உறவு மூடிவிடுகிற இடம் அது.

அப்புறம், சாதியையும் தாய்வழியாக வரும் குலப்பிரிவான குடியையும் தள்ளிவிட்டு வர்க்கம் மட்டும் பேசினால் மட்டக்களப்புக் கதை பிடிபடாது. மகளுக்குச் சீதனமாகப் போகும் வயலும் அந்தக் கணக்கில்தான் வரும். அடித்தளம் (பொருளாதாரம்), மேற்கட்டுமானம் (அதன்மேல் எழும் சட்டம், கலை, கருத்துகள்) என்று முன்னுரையில் பக்கம் நிரப்ப வேண்டாம், இரண்டு வரி போதும்.