ஆம்ப்ளிஃபையர் போர்டில் வெள்ளைப் படலம்: 70 சதவீத ஆல்கஹால் போதுமா?

கோத்தகிரி மழையில் மூடிக் கிடந்த ஆம்ப்ளிஃபையரின் போர்டில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, மருந்துக் கடையில் வாங்கிய 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆல்கஹால் பறந்த பிறகும் ஐசி (சிப்) கால்களுக்கு அடியில் தங்கிவிடும். கிருமியைக் கொல்ல அந்தத் தண்ணீர் உதவும், போர்டுக்கு உதவாது. 99 சதவீதம் வாங்குங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்றால் தெரியும். பாட்டிலைத் திறந்தபடி வைக்காதீர்கள், நம் மலைக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிட்டதை உறுதிசெய்துவிட்டு, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

ஆனால் கணப்பு மூட்டிய அறையில் இதைச் செய்யவே கூடாது! சுமார் 12 டிகிரியிலேயே, நெருப்புப் பட்டால் இதன் ஆவி தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். குளிர்கிறதே என்று ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள்.

அப்புறம், முகப்பில் அக்ரிலிக் இருந்தால் அதில் படவிடாதீர்கள், மெல்லிய விரிசல் விடும். படலம் பச்சையாக இருந்தால் செம்பே அரித்திருக்கிறது. அதற்கு மெக்கானிக்தான் வழி.