லைப்ரரிக்குக் கொடுத்த கால்பேக்கில் 'திஸ்' ஏன் மாறிப்போகிறது?

நீங்கள் ஜாவாஸ்கிரிப்ட் பற்றிக் கேட்டிருப்பது இது: ஒரு ஆப்ஜெக்ட், அதில் எண்ணிக்கை என்று ஒரு மதிப்பு, அதை ஒன்று கூட்டுகிற ஒரு மெத்தட். நீங்களே 'கவுண்டர்.கூட்டு()' என்று கூப்பிட்டால் சரியாக வேலை செய்கிறது. அதே மெத்தடை ஜேகுவெரி என்ற லைப்ரரியின் கிளிக்குக்குக் கால்பேக்காக, அதாவது பிறகு லைப்ரரியே கூப்பிடட்டும் என்று, கொடுத்தால் எண்ணுக்குப் பதிலாக 'நேன்' (எண் இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) வருகிறது. 'செல்ஃப்' என்ற வேரியபிளில் திஸ்ஸை (மெத்தட் எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறதோ அதைக் குறிக்கும் சொல்) போட்டு வைத்து, ஒரு ஃபங்ஷனுக்குள்ளிருந்து அதைக் கூப்பிட்டால் சரியாகிவிடுகிறது. ஏன் என்று புரியவில்லை, இது ஸ்கோப் பிரச்சினையா?

இல்லை, இது ஸ்கோப் பிரச்சினை இல்லை. நானும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இதை ஸ்கோப் என்று நினைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன், அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ஸ்கோப் என்பது ஒரு ஃபங்ஷனுக்குள் எந்தெந்த வேரியபிள்கள் தெரியும் என்பது. அந்த ஃபங்ஷனை நீங்கள் எங்கே எழுதினீர்களோ அந்த இடமே அதைத் தீர்மானித்துவிடுகிறது, அப்புறம் யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அது மாறாது. திஸ் அப்படி இல்லை. சாதாரண ஃபங்ஷனில் திஸ் எது என்பது ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதிதாக முடிவாகிறது. 'கவுண்டர்.கூட்டு()' என்றால் புள்ளிக்கு இடது பக்கம் இருக்கிற கவுண்டர்தான் திஸ். ஆனால் 'கவுண்டர்.கூட்டு' என்று அடைப்புக்குறி போடாமல் லைப்ரரியிடம் கொடுத்தால் கைமாறுவது ஃபங்ஷன் மட்டும்தான், கவுண்டர் கூடவே போவதில்லை. பிறகு அந்த ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடுவது என்பது லைப்ரரியின் இஷ்டம். ஜேகுவெரி, கிளிக் ஆன பட்டனைத் திஸ்ஸாக வைத்துக் கூப்பிடும். பட்டனுக்கு எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது, இல்லாத ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அந்த நேன்.

இந்த இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்வதற்கு லைப்ரரிகளும் ஒரு காரணம். எக்ஸ்ட் ஜேஎஸ் லைப்ரரியில் லிஸனர் (கிளிக் போன்ற ஈவென்ட் நடக்கும்போது ஓடும் கால்பேக்) எழுதும்போது 'ஸ்கோப்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு, அது உண்மையில் சொல்வது கால்பேக்குக்குள் திஸ் எதுவாக இருக்க வேண்டும் என்பதைத்தான். அந்தப் பெயரை வைத்துக் கற்றுக்கொண்டவர்களுக்கு இரண்டும் ஒன்று என்றே மனதில் பதிந்துவிடுகிறது. டோஜோ இதே வேலைக்கு 'ஹிட்ச்' என்று பெயர் வைத்தது, புரோட்டோடைப் லைப்ரரி 'பைண்ட்' என்றது, ஜேகுவெரி 'பிராக்ஸி' என்றது. ஆளுக்கு ஒரு பெயர், வேலை ஒன்றுதான். 2009ல் வந்த இஎஸ்5 என்ற ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைப் பதிப்பு பைண்டை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது.

உங்களுக்கு நேன் வந்தது ஒரு வகையில் நல்லது, ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிட்டது. எனக்கு வந்தது அதைவிட மோசம். ஒரு பக்கத்தில் பயனரின் பெயரைக் காட்ட வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து ஓட வைக்கிற செட்டைம்அவுட்டுக்கு மெத்தடை அப்படியே கொடுத்திருந்தேன், உள்ளே 'திஸ்.நேம்' என்று எழுதியிருந்தேன். எரர் எதுவும் வரவில்லை, கன்சோல் சுத்தமாக இருந்தது, பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. சர்வரிலிருந்து டேட்டா வரவில்லை என்று நினைத்து ஒரு முழு நாள் அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். பிரௌசரில் செட்டைம்அவுட் தன் கால்பேக்கை விண்டோவைத் திஸ்ஸாக வைத்துக் கூப்பிடுகிறது. விண்டோவுக்கோ நேம் என்று ஏற்கெனவே ஒரு பிராப்பர்ட்டி உண்டு, வழக்கமாக அதில் இருப்பது வெறும் காலி எழுத்துச்சரம். திஸ் தரப்படாதபோது அதை வெறுமையாகவே விடுகிற ஸ்ட்ரிக்ட் மோட் போட்டிருந்தாலும் இந்த இடத்தில் காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் திஸ் இல்லாமல் போகவில்லை, வேறு ஒன்றாக வந்து நிற்கிறது.

சரி, 'செல்ஃப்' ஏன் வேலை செய்கிறது? செல்ஃப் ஒரு சாதாரண வேரியபிள். உங்கள் கால்பேக் எழுதப்பட்ட இடத்தில் அது தெரிகிறது, குளோஷர் (ஃபங்ஷனும் அது எழுதப்பட்ட இடத்து வேரியபிள்களும் சேர்ந்தது) அதைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்கிறது, லைப்ரரி எப்படிக் கூப்பிட்டாலும் அதைத் தொட முடியாது. அதாவது கூப்பிடுகிறவர் கையில் இருந்த விஷயத்தை எழுதுகிறவர் கைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். 2015ல் இஎஸ்6 கொண்டுவந்த ஏரோ ஃபங்ஷனும் (=> போட்டு எழுதுவது) இதையேதான் செய்கிறது. அதற்கென்று தனியாகத் திஸ் கிடையாது. உள்ளே திஸ் என்று எழுதினால் மற்ற வேரியபிள்களைப் போலவே வெளியே இருக்கிற ஸ்கோப்பில் போய்த் தேடும். ஏரோவுக்குள் மட்டும் திஸ் நிஜமாகவே ஸ்கோப் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

அதனால் எல்லாவற்றையும் ஏரோவாக மாற்றிவிடாதீர்கள். ஆப்ஜெக்டுக்குள் இருக்கிற 'கூட்டு' மெத்தடையே ஏரோவாக எழுதினால் அதன் திஸ் கவுண்டராக இருக்காது, ஆப்ஜெக்டுக்கு வெளியே என்ன இருக்கிறதோ அதுவாகிவிடும். ஜேகுவெரியின் கால்பேக்கை ஏரோவாக எழுதிவிட்டு உள்ளே திஸ் பட்டனாக இருக்கும் என்று எதிர்பார்த்தாலும் கிடைக்காது, ஈவென்ட் ஆப்ஜெக்டிலிருந்து 'கரன்ட்டார்கெட்'டை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதுதான் பிடித்த வழியும்கூட, எது பட்டன் எது கவுண்டர் என்று படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது.

பைண்ட் பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள், இதில் நான் நிறைய நேரம் இழந்திருக்கிறேன். பைண்ட் ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷனைத் தருகிறது. நான் எழுதிய ஒரு பக்கத்தில் ஒரு பாப்அப் திறக்கும்போது ஆட்ஈவென்ட்லிஸனரில் பைண்ட் செய்த மெத்தடைக் கொடுத்தேன், மூடும்போது ரிமூவ்ஈவென்ட்லிஸனரில் மறுபடி பைண்ட் செய்து கொடுத்தேன். படிக்கும்போது இரண்டு வரியும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் நீக்கச் சொன்ன ஃபங்ஷன் சேர்த்த ஃபங்ஷன் இல்லை, எனவே எதுவுமே நீங்கவில்லை, அதற்கும் எரர் வராது. பத்து முறை திறந்து மூடினால் ஒரு கீ அழுத்தலுக்குப் பத்து முறை ஓடியது. ஒரே ஒரு முறை பைண்ட் செய்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் அதையே கொடுத்தால் போதும். பைண்டே வேண்டாம் என்றால், ஆட்ஈவென்ட்லிஸனர் ஃபங்ஷனுக்குப் பதிலாக 'ஹேண்டில்ஈவென்ட்' என்ற மெத்தட் உள்ள ஆப்ஜெக்டையும் ஏற்றுக்கொள்ளும். அப்போது அந்த ஆப்ஜெக்டே திஸ்ஸாக வரும், நீக்கும்போதும் அதே ஆப்ஜெக்டைக் கொடுத்துவிடலாம். இவ்வளவு வசதியான விஷயத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

லூப்புக்குள் கால்பேக் எழுதுவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அடுத்த கேள்வி அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, இந்த முறை அது உண்மையாகவே ஸ்கோப் பிரச்சினை. குளோஷர் பிடித்து வைத்துக்கொள்வது மதிப்பை இல்லை, வேரியபிளையே. 'வார்' போட்டு எழுதிய ஃபார் லூப்பில் எல்லாச் சுற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வேரியபிள்தான். மூன்று சுற்றிலும் ஒரு செட்டைம்அவுட் வைத்தால், கால்பேக்குகள் ஓடும்போது லூப் முடிந்து போயிருக்கும், 0, 1, 2 என்று வராமல் மூன்று முறையும் 3 என்றே அச்சாகும். 'லெட்' போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வேரியபிள் கிடைக்கும். மாற்ற வேண்டியது அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான்.

திஸ் போலவே ஆர்க்யுமென்ட்களும் கூப்பிடுகிறவர் முடிவு செய்வதுதான். அர்ரேயின் 'மேப்' தன் கால்பேக்குக்கு மதிப்பு, இன்டெக்ஸ், முழு அர்ரே என்று மூன்றைக் கொடுக்கிறது. '1', '2', '3' என்ற எழுத்துச்சரங்கள் உள்ள அர்ரேயில் மேப்புக்குள், எழுத்துச்சரத்தை எண்ணாக மாற்றுகிற 'பார்ஸ்இன்ட்'டை அப்படியே போட்டால் 1, நேன், நேன் என்று வருவது இதனால்தான், இன்டெக்ஸைத் தனக்கான எண்முறை அடிமானம் என்று அது எடுத்துக்கொள்கிறது. மொழியின் 'ஃபார்ஈச்' முதலில் மதிப்பு, பிறகு இன்டெக்ஸ் தரும், ஜேகுவெரியின் 'ஈச்' முதலில் இன்டெக்ஸ், பிறகு மதிப்பு தரும். ஆகவே வேறொருவர் எழுதிய ஃபங்ஷனையோ உங்கள் மெத்தடையோ நேரடியாகக் கால்பேக்காகக் கொடுக்காமல், ஒரு சின்ன ஏரோவுக்குள் வைத்து, உங்களுக்கு வேண்டிய ஆர்க்யுமென்டை மட்டும் கையால் எழுதிக் கொடுங்கள். ஒரு வரி கூடுதல்தான், ஆனால் என்ன போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் கோடில் மாற்ற வேண்டியது அந்தக் கிளிக் வரியை மட்டும். 'கவுண்டர்.கூட்டு' என்று இருக்கிற இடத்தில், உடலுக்குள் 'கவுண்டர்.கூட்டு()' என்று கூப்பிடுகிற ஒரு ஏரோ ஃபங்ஷனை எழுதுங்கள், செல்ஃப் வரியை எடுத்துவிடலாம். பிறகு இந்தக் கவுண்டரைப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டிய நிலை வந்தால், பெயரில்லாத ஏரோவைத் தனியாகச் சுட்டிக்காட்டி நீக்க முடியாது. அதற்கு இப்போதே 'கிளிக்' என்பதற்குப் பதிலாக 'கிளிக்.கவுண்டர்' என்று ஈவென்ட்டுக்குப் பெயர் சேர்த்து 'ஆன்' செய்துவிடுங்கள், ஜேகுவெரி இதை அனுமதிக்கிறது. நீக்கும்போது அதே பட்டனில் 'ஆஃப்'புக்கு '.கவுண்டர்' என்று மட்டும் கொடுத்தால் அந்தப் பெயரில் சேர்த்த எல்லாக் கால்பேக்குகளும் போய்விடும், மற்றவை அப்படியே இருக்கும்.