மஸ்கி மீன் பிடிக்கக் குறைந்த செலவில் என்ன ராட், ரீல் வாங்கலாம்?

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்க, கையைக் கடிக்காத ராட் (தூண்டில் கோல்), ரீல் (லைன் சுற்றும் கருவி) செட் கேட்கிறீர்கள். பணத்தை ரீலில் போடுங்கள். கனமான லூரை (செயற்கை இரையை) நாள் முழுக்க வீசி இழுத்தால் மலிவான ரீலின் பல்சக்கரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அபு கார்சியா அம்பாசடர் 6500 போன்ற உருண்டை ரீல் ஆரம்பத்துக்குப் போதும். நன்றாகச் சுற்றினால் செகண்ட் ஹேண்டும் சரிதான்.

ராட் எட்டரை அடி, ஹெவி வகை. நீளத்தை மட்டும் குறைக்காதீர்கள். மஸ்கி படகு வரை லூரைத் துரத்தி வரும். அப்போது ராட் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வடிவில் அகலமாகச் சுற்ற வேண்டும். குட்டை ராடில் அந்த வளைவு வராது.

அப்புறம், 80 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டட் லைன் (பின்னிய தூண்டில் நூல்), கூடவே லைனுக்கும் லூருக்கும் நடுவே கட்ட கம்பி லீடர். லீடர் இல்லையென்றால் மஸ்கியின் பல் லைனை அறுத்துவிடும், வாயில் தூண்டில் முள்ளோடு மீன் போய்விடும்.