முதல் ஸ்கேனில் துடிப்பு 118: குழந்தை எடை குறைந்து பிறக்குமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஆறு வாரம் நான்கு நாளில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு 118. என் நாத்தனாருக்கு ஒன்பதாவது வாரத்தில் 172 இருந்ததாம். அவருக்கு மூன்றேகால் கிலோவில் குழந்தை பிறந்தது. என் மூத்த மகள் 2 கிலோ 100 கிராம்தான். அப்போது எனக்கு ரத்தம் 8 கிராம் என்றார்கள். வயிற்றைப் புரட்டியதால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். இதுவும் மெலிந்தே பிறக்குமோ? துடிப்பு குறைவென்றால் ஆண் குழந்தை என்கிறார் மாமியார். மசக்கைக்கு வெற்றிலை சீவலோடு துளி புகையிலையும் தருகிறார். போட்டால் அடங்குகிறது.

பதில்: அந்த 118-ஐ நினைத்து இனி ஓர் இரவும் விழித்திருக்காதீர்கள். ஆறாவது வாரத்தில் துடிப்பு 100 முதல் 120 வரைதான் இருக்கும். பிறகு நாளுக்கு நாள் ஏறி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி 170-ஐத் தொடும். அதன்பின் மெல்ல இறங்கி, பிரசவ சமயத்தில் 110-க்கும் 160-க்கும் நடுவே நிற்கும். நாற்றங்காலில் இருக்கும் பயிரையும் கதிர் வாங்கிய பயிரையும் யாராவது உயரம் ஒப்பிடுவார்களா? நீங்களும் நாத்தனாரும் செய்தது அதுதான். உங்கள் வாரத்தில் துடிப்பு மிகவும் குறைந்திருந்தால்தான் மருத்துவர்கள் கவலைப்பட்டு மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள்.

துடிப்பை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லவும் முடியாது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

பிறக்கும்போது என்ன எடை இருக்கும் என்பதையும் இந்த எண்ணிலிருந்து கணிக்க முடியாது. ஐந்தாம் மாதத்தில் குழந்தை ஏறக்குறைய 300 கிராம், ஏழாம் மாத முடிவில் ஒரு கிலோ. மீதி இரண்டு கிலோவும் கடைசி மூன்று மாதத்தில் ஏறுவது. ஆகவே உங்கள் கையில் இன்னும் காலம் இருக்கிறது. 118-ஐவிட நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 8 கிராம்தான் என்னை உறுத்துகிறது. அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு; கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் பிறப்பதற்கு அது முக்கியமான காரணம். மூத்த மகளின் எடையையும், மாத்திரையை நிறுத்தியதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இப்போது ஃபோலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை, தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். காபி, டீயோடு மட்டும் வேண்டாம். இரும்பு உடம்பில் ஒட்டாது. நம் ஊரில் காபி இல்லாமல் பொழுது விடியாது என்று தெரியும். இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்த்தால் நல்லது. வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவர் என்றால் கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும். நான்காம் மாதத்துக்குப் பிறகு பூச்சி மாத்திரை தரச் சொல்லிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

புகையிலையை இன்றே நிறுத்துங்கள். துளியானாலும் வேண்டாம். மாமியார் அன்பாகத்தான் தருகிறார், ஆனால் புகையிலை குழந்தையின் எடையைக் குறைக்கும். குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கும். குமட்டலுக்கு இஞ்சித் தண்ணீர் போதும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். “குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டம், வயிற்றைக் கட்டு” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்த ஸ்கேனை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்குள் ரத்தக்கசிவோ கடும் வயிற்றுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை கிராம் என்று எனக்கு எழுதுங்கள்.